ஜஹாங்கீர் வளர்த்த சாரஸ் குஞ்சுகள்

முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் என்றதும் நம் வீடுகளில் நூர்ஜஹானும் நீதிச் சங்கிலியும்தான் பேச்சில் வரும். பிள்ளைகளின் பாடப்புத்தகமும் ஏறக்குறைய அத்தோடு முடிந்துவிடும். அவர் வருடக்கணக்கில் பறவைகளை வளர்த்து, பக்கத்திலேயே நின்று பார்த்து எழுதி வைத்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

1569இல் ஃபதேபூர் சிக்ரியில் பிறந்தவர். பிள்ளை வரம் வேண்டி ஷைகு சலீம் சிஷ்தி அவர்களிடம் துஆவுக்குப் போன அக்பர், மகனுக்கு அந்தப் பெரியாரின் பெயரையே சூட்டினார். அந்த சலீம் வளர்ந்து தந்தைக்கு எதிராகவே அலகாபாத்தில் தனி அரசு நடத்தினார். 1605இல் அரியணை ஏறினார். மறு ஆண்டே மூத்த மகன் குஸ்ரூ அவருக்கு எதிராகக் கிளம்பினார். மகனைப் பிடித்துச் சிறையில் வைத்ததோடு, பிறகு கண் பார்வையையும் பறிக்கச் செய்தார். மதுவும் அபினும் அவரை விடவில்லை. அதை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். 12 வயது முதல் 50 வயதுக்குள் தம் கையால் வேட்டையாடியவை 17,167 என்று கணக்கெடுக்கச் சொல்லிக் குறித்தும் வைத்தார். இவற்றை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை.

அவர் எழுதிய ‘துஸுகே ஜஹாங்கீரி’யில்தான் இந்தப் பறவைகளும் வருகின்றன.

பிறந்து ஒரு மாதமே ஆன இரண்டு சாரஸ் கொக்குக் குஞ்சுகள் பிடிபட்டு அரண்மனைக்கு வந்தன. ஆள் உயரம் வளரக்கூடிய பறவை இது. லைலா, மஜ்னூன் என்று பெயர் வைத்தார். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அவை அவர் கண்ணெதிரே வளர்ந்து, ஜோடி சேர்ந்தன. 1618இல், ஹிஜ்ரி 1027இல், அரசவை அஹ்மதாபாதில் இருந்தபோது தோட்டத்தில் புல்லையும் குப்பையையும் சேர்த்து லைலா முட்டையிட்டது.

இரவு முழுவதும் லைலா அடைகாக்கும்; மஜ்னூன் பக்கத்தில் நின்று காவல் காக்கும். ஒருமுறை கீரி போன்ற ஒரு பிராணி எட்டிப் பார்க்க, அது வளைக்குள் நுழையும்வரை விடாமல் துரத்தியது. பொழுது விடிந்ததும் மஜ்னூன் வந்து லைலாவின் முதுகை அலகால் கொத்தும். லைலா எழுந்துகொள்ள, மஜ்னூன் உட்காரும். லைலா திரும்பி வந்தால் அதே முறையில் மஜ்னூனை எழுப்பும். குஞ்சு பொரிக்க 34 நாள் ஆனது என்று எண்ணி எழுதினார். இன்றைய பறவையியல் நூல்கள் சொல்வதும் ஏறத்தாழ அதுதான்.

முதல் நாள் குஞ்சு எதுவும் தின்னவில்லை. இரண்டாம் நாளிலிருந்து தாய் வெட்டுக்கிளிகளைப் பிடித்து, சில நேரம் புறாவைப் போல ஊட்டியது. சில நேரம் கோழியைப் போல முன்னால் போட்டது. வெட்டுக்கிளி பெரிதாக இருந்தால் இரண்டு மூன்று துண்டாக்கிக் கொடுத்தது. மதரஸா நூலகத்தில் அத்தமீரீயின் ‘ஹயாத்துல் ஹயவான்’ புரட்டியவர்களுக்கு வித்தியாசம் புரியும். அது பெரும்பாலும் முன்னோர் சொன்னவற்றின் திரட்டு. இவரோ பறவைக்குப் பக்கத்திலேயே இருந்து பார்த்ததை எழுதினார்.

ஒரு நாள் மஜ்னூன் ஒரு குஞ்சின் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கியது. தந்தையே குஞ்சைக் கொன்றுவிடுமோ என்று பயந்து, மஜ்னூனைத் தனியே அடைக்க உத்தரவிட்டார். ஆனால் சந்தேகம் தீரவில்லை. பிறகு, சோதித்துத்தான் பார்ப்போமே என்று குஞ்சுகளின் பக்கத்தில் விடச் சொன்னார். தாயிடம் கண்ட பாசத்துக்குக் கொஞ்சமும் குறையாத பாசத்தை மஜ்னூனிடமும் கண்டார். தூக்கியதும் பாசத்தால்தான் என்று எழுதி, தாம் முதலில் தவறாக நினைத்ததையும் மறைக்காமல் சேர்த்தார். இந்த ஒரு பத்தியை நான் பலமுறை படித்திருக்கிறேன். சொந்த மகன் விஷயத்தில் அவருக்கு இந்த நிதானம் வாய்க்கவில்லை.

அதே ஆண்டின் கடைசியில், அஹ்மதாபாதிலிருந்து திரும்பும் வழியில் தோஹதில் பேரன் அவ்ரங்கசீப் பிறந்தார். 1622இல் குஸ்ரூ, தம்பி குர்ரமின் காவலில் புர்ஹான்பூரில் இறந்தார். அதே ஆண்டில் குர்ரமும், அதாவது பிற்கால ஷாஜஹானும், தந்தையை எதிர்த்துக் கிளம்பினார். பல ஆண்டுச் சண்டைக்குப் பின் பணிந்தபோது, தம் மகன்கள் தாராவையும் அவ்ரங்கசீபையும் பிணையாக அனுப்ப வேண்டியிருந்தது.

1627இல் கஷ்மீரிலிருந்து திரும்பும் வழியில் ஜஹாங்கீர் காலமானார். லாஹூரை அடுத்த ஷாஹ்தராவில் அடக்கம் செய்யப்பட்டார். அன்றும் அந்தப் பேரப்பிள்ளைகள் இருவரும் தந்தையைப் பிரிந்து, பாட்டனாரின் அரசவையில் பிணையாகவே இருந்தார்கள்.