மாண்டேகு: யூத தேசத்தை எதிர்த்த யூதர்!

மாண்டேகு-செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம்னு ஸ்கூல் ஹிஸ்டரி புக்ல படிச்சிருப்பீங்க. அந்த எட்வின் மாண்டேகுவுக்கு இன்னொரு கதையும் இருக்கு. பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தேசம் என்ற யோசனையை, பிரிட்டிஷ் அரசுக்குள் இருந்தபடியே எதிர்த்த யூதர் அவர்.

1879-ல் லண்டனில் பிறந்தார். அப்பா பெரிய பேங்கர். மத ஆசாரத்தில் ரொம்ப ஸ்ட்ரிக்ட். யூதப் பெண்ணைக் கட்டலைன்னா சொத்து கிடையாதுன்னு உயில் எழுதிவெச்சவர். மகனுக்கோ பக்தி கம்மி. காதலி வெனிஷியா ஸ்டான்லி யூத மதத்துக்கு மாறிய பிறகே, 1915-ல் கல்யாணம் நடந்தது. தன்னை யூத மதத்தைச் சேர்ந்த ஆங்கிலேயராகத்தான் அவர் நினைத்தார்.

1917 ஜூலையில் இந்தியாவுக்கான அமைச்சரானார். ஆகஸ்ட்டில், சக அமைச்சர்களுக்கு ஒரு காரசாரமான குறிப்பு அனுப்பினார். பாலஸ்தீனம் யூதர்களின் தேசம்னு அறிவிச்சா, மத்த நாடுகள் எல்லாம் உங்க ஊருக்குக் கிளம்புங்கன்னு யூதர்களைத் துரத்தும். அங்கே ஏற்கெனவே வாழும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அந்நியர்களாகிடுவாங்க என்று எச்சரித்தார். இது யூதர்களுக்குச் செய்யும் உதவியில்லை, யூத வெறுப்புக்குத் தரும் பலம் என்பது அவர் வாதம். அதில் விஷயம் இருந்தது. இந்தத் திட்டத்தை முன்னெடுத்த பால்ஃபர்தான், 1905-ல் பிரதமராக இருந்தபோது, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வருகையைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைக் கொண்டுவந்தவர்.

ஆனா எதிர்த்தரப்பு வெளியே இல்லை, வீட்டுக்குள்ளேயே இருந்தது. 1915-லேயே இந்த யோசனையை அமைச்சரவை முன் வைத்தவர், மாண்டேகுவின் சொந்தக்காரர் ஹெர்பர்ட் சாமுவேல். ரஷ்யாவில் யூதர்கள் கும்பல் கும்பலாகக் கொல்லப்பட்ட காலம் அது. ஓடி ஒளிய ஒரு நாடு வேண்டாமா என்பது அந்தத் தரப்பின் கேள்வி. சமூகமே இரண்டாகக் கிடந்தது. தேசக் கோரிக்கையை எதிர்த்து அறிக்கைவிட்ட தலைவர்களைக் கண்டித்து, 1917 ஜூனில் பிரிட்டிஷ் யூதர்களின் பிரதிநிதி சபை தீர்மானம் போட்டது. ஓட்டு 56-க்கு 51!

நவம்பர் 2-ல் பால்ஃபர் பிரகடனம் வந்தபோது, மாண்டேகு இந்தியாவை நோக்கிப் பயணத்தில் இருந்தார். டிசம்பரில் சென்னைக்கும் வந்தார். தோற்றாலும், எதிர்ப்பு வீண்போகலை. பாலஸ்தீனத்தில் வாழும் மற்றவர்களின் உரிமையும், பிற நாட்டு யூதர்களின் உரிமையும் பாதிக்கப்படக் கூடாது என்ற வரிகள் பிரகடனத்தில் இடம்பிடித்தன.

1920 ஜூலை 1-ல், சாமுவேல் பாலஸ்தீனத்தின் பிரிட்டிஷ் ஹை கமிஷனராகப் பொறுப்பேற்றார். ஜூலை 8-ல், ஜாலியன்வாலா பாக் படுகொலையைச் செய்த டயரைக் கண்டித்து நாடாளுமன்றத்தில் பேசினார் மாண்டேகு. ஓர் ஆங்கிலேய அதிகாரியைக் குறைசொல்ல இந்த யூதர் யார்னு கன்சர்வேட்டிவ் எம்.பி-க்களில் பலர் கொதித்தார்கள். அவர் தன் நாடுன்னு நம்பிய இடத்திலேயே அந்நியரானார்.

1922-ல் பதவி போனது. 1924-ல், 45 வயதில் இறந்தார். ஒன்பதே ஆண்டுகளில் ஹிட்லர் வந்தார். தங்களை ஜெர்மானியர்னு நம்பிய யூதர்களையும் நாஜிகள் விடலை. சாமுவேல் தரப்பின் பயம் நிஜமானது. 1948-ல் இஸ்ரேல் உருவானபோது, சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். மாண்டேகுவின் பயமும் நிஜமானது. லண்டனிலும் நியூயார்க்கிலும் ஒரே யூதக் குடும்பத்துக்குள் இன்னைக்கும் இந்த வாக்குவாதம் நடக்குது.