காஞ்சி பொன்னைத் திருப்பிக் கொடுத்த கன்னட மன்னன்

பகைவனின் தலைநகரைப் பிடிக்கும் மன்னன் முதலில் கை வைப்பது கருவூலத்தில்தான். கோவில் பொன்னும் தப்புவது அரிது. ஆனால் காஞ்சீபுரத்தைப் பிடித்த பிறகு, கோவில் பொன்னைக் கோவிலுக்கே கொடுத்துவிட்டுப் போன மன்னன் ஒருவன் உண்டு. அவன்தான் கன்னட நாட்டில் வாதாபியை (இன்றைய பாதாமி) ஆண்ட சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன்.

பழைய பகை

அவனுக்குக் காஞ்சி மீது கோபம் இருக்கக் காரணம் இருந்தது. கி.பி. 642-ல் பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்தான். வெற்றியை அந்த ஊர்ப் பாறையிலேயே கல்வெட்டாகவும் பொறித்தான். அன்று தோற்ற புலிகேசி, விக்கிரமாதித்தனின் பாட்டனுக்குப் பாட்டன்.

இளவரசனாக இருந்தபோதே விக்கிரமாதித்தன் காஞ்சி மீது படையெடுத்து வென்றான். சுமார் 733-ல் பட்டத்துக்கு வந்ததும் மீண்டும் புறப்பட்டான். அப்போது காஞ்சியை ஆண்டவன், சிறு வயதில் அரியணை ஏறிய நந்திவர்மன். போரில் தோற்று ஓடினான். அவனுடைய கொடி, போர் வாத்தியங்கள், யானைகள், மாணிக்கக் குவியல்கள் எல்லாம் சாளுக்கியர் வசமாயின. போர்க்களத்தில் கிடைத்ததை விக்கிரமாதித்தன் விட்டுவிடவில்லை.

ஆனால் நகருக்குள் நுழைந்தபோது எதையும் இடிக்கவில்லை. ஏழைகளுக்கும் அந்தணர்களுக்கும் தானம் செய்தான். ராஜசிம்மன் கட்டிய கைலாசநாதர் கோவிலுக்குச் சென்று அதன் செல்வத்தைப் பார்வையிட்டான். அவ்வளவையும் இறைவனுக்கே திருப்பி அளித்தான். இந்தச் செய்தி அக்கோவில் தூண் ஒன்றில் கன்னடத்தில் பொறிக்கப்பட்டது. பின்னர் காஞ்சி மறுபடி பல்லவர் கைக்கு வந்தது. தங்கள் தோல்வியைச் சொல்லும் அந்தக் கல்வெட்டை அவர்கள் அழிக்கவில்லை. இன்றும் அது அங்கே இருக்கிறது.

அரசியர் கட்டிய கோவில்கள்

ஹைஹய குலத்தைச் சேர்ந்த அக்காள், தங்கை இருவரை விக்கிரமாதித்தன் மணந்திருந்தான். காஞ்சி வெற்றியின் நினைவாக, மூத்தவள் லோகமகாதேவி மலப்பிரபை ஆற்றங்கரையில் பட்டடக்கல்லில் ஒரு சிவன் கோவில் எழுப்பினாள். அதுதான் விருபாட்சர் கோவில். இளையவள் திரைலோக்கியமகாதேவி அதன் அருகிலேயே இன்னொன்று கட்டினாள். அது இப்போது மல்லிகார்ஜுனர் கோவில்.

விருபாட்சர் கோவிலைப் பார்ப்பவர்களுக்குக் காஞ்சி கைலாசநாதர் கோவில் நினைவுக்கு வரும். அங்குள்ள கல்வெட்டு, தென்திசைச் சிற்பி ஒருவனைப் புகழ்ந்து கூறுகிறது. காஞ்சிப் பொன் வாதாபிக்குப் போகவில்லை. காஞ்சிச் சிற்பக்கலை போயிருக்கிறது! பின்னாளில் எல்லோராவில் மலையைக் குடைந்து கைலாசர் கோவிலை உருவாக்கியவர்களுக்கும் விருபாட்சர் கோவிலே முன்மாதிரி என்பார்கள்.

சிந்து நாட்டிலிருந்து வந்த அரபுப் படையைக் குஜராத்தில் தோற்கடித்ததும் இவன் ஆட்சியில்தான். அதை முன்னின்று முடித்தவன் உறவினனான இன்னொரு புலிகேசி. மன்னன் அவனுக்குப் பட்டங்கள் அளித்துப் பாராட்டினான்.

சுமார் 744-ல் விக்கிரமாதித்தன் ஆட்சி முடிந்தது. மகன் கீர்த்திவர்மன் பத்து ஆண்டுகள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ராஷ்டிரகூடன் தந்திதுர்க்கன் நாட்டைக் கைப்பற்றினான்.

பட்டடக்கல் கோவில்கள் 1987-ம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. பாதாமியிலிருந்து சுமார் 22 கிலோ மீட்டர். லோகமகாதேவி கட்டிய கோவிலில் இன்றும் பூஜை நடக்கிறது.