சரளாதேவி சௌதுராணி அம்மையார்

திரௌபதி அம்மன் விழாக் காலத்தில் பாஞ்சாலியின் கதையைக் கேளாத பிள்ளை நமது கரையோரத்தில் இல்லை. அடியேன் பயின்றதோ மிஷன் பாடசாலையில். ஆங்கே மேனாட்டுப் பெருமாட்டிகள் பலரின் சரிதங்களைப் படித்தேன். வந்தே மாதர கீதத்துக்குப் பண் வகுத்தவர்களுள் ஓர் இந்துப் பெண்மணியும் உண்டு என்பதைச் சர்வகலாசாலைக்குச் சென்ற பின்னரே அறிந்தேன். அவரே சரளாதேவி அம்மையார்.

இவர் 1872ஆம் ஆண்டு கல்கத்தாவிலே பிறந்தார். தாயார் சுவர்ணகுமாரி தேவி பெயர் பெற்ற எழுத்தாளர். கவி இரவீந்திரநாத தாகூரின் தமக்கை. சரளா 1890இல் பெதூன் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். சிறுவயது முதலே சங்கீதத்தில் ஊறியவர். வந்தே மாதரத்தின் முதற்பகுதிக்குத் தாய்மாமனாகிய தாகூர் இசையமைத்தார். எஞ்சிய பகுதிக்கு மருமகளே இசையமைத்தார். நூறு பாடல்களைச் சுரக் குறிப்போடு தொகுத்து 1900இல் நூலாக வெளியிட்டார். குருவின் வீட்டுக்குப் போகவியலாத பெண்களும் இத்தகைய நூலைக் கொண்டு வீட்டிலிருந்தே பாட்டுப் பயிலலாம் அன்றோ!

செல்வக் குடும்பத்துப் பெண் சம்பளத்துக்கு வேலை செய்வதை உலகம் ஏளனமாகக் கருதிய காலம் அது. எனினும் சரளா தம் சொந்தக் காலில் நிற்க விரும்பி, மைசூரில் மகாராணி பெண்கள் பாடசாலையில் ஆசிரியையானார். அங்கே நெடுநாள் தங்க இயலவில்லை. ஆயினும் வெறுங்கையோடு திரும்பவில்லை. தென்னாட்டு மெட்டுக்களைக் கற்றுக் கொண்டுபோய் மாமனிடம் கொடுத்தார். அவற்றுக்கு இசையத் தாகூர் வங்காளப் பாடல்கள் புனைந்தார்.

1897 ஜனவரி 15ஆம் தேதி கொழும்பில் வந்திறங்கிய சுவாமி விவேகானந்தர், அவ்வாண்டிலேயே சரளாவுக்குக் கடிதங்கள் எழுதினார். இவரைப் போன்ற பெண்மணியொருவர் மேனாடு சென்று வேதாந்தத்தைப் போதிக்கவேண்டும் என்பது சுவாமிகளின் ஆசை. அப்பயணம் கைகூடவில்லை. சரளாவோ வங்காளத்து வாலிபர்களுக்குச் சிலம்பமும் வாள்வீச்சும் பயிற்றுவிக்க ஏற்பாடு செய்தார். வீராஷ்டமி விழாவையும் தொடங்கினார்.

1905இல், முப்பத்து மூன்றாம் வயதில், வீட்டார் பேசி முடித்தபடி இலாகூர் பண்டித ராம்புஜ தத்த சௌதுரியை மணந்தார். அவர் வழக்கறிஞர், ஆரிய சமாஜத் தலைவர், அதன் கொள்கைகளைப் பரப்பியவர், மனைவியை இழந்தவர். அவருக்கு அது மறுமணம். ஊரார் எவரும் அதைக் குறை கூறியதாகத் தெரியவில்லை.

மணமான பின்னும் அம்மையார் ஓய்ந்திருக்கவில்லை. 1910இல் பாரத ஸ்திரீ மகாமண்டலத்தை நிறுவி, வெளியே வரமுடியாத பெண்களின் வீடுகளுக்கே கல்வியைக் கொண்டு சென்றார். 1919இல் பஞ்சாபில் இராணுவச் சட்டம் வந்தபோது கணவர் சிறைப்பட்டார். அக்காலத்தில் இலாகூர் வந்த காந்தியடிகளைத் தம் இல்லத்தில் வரவேற்று உபசரித்தவர் இவரே. பின்னர் கதர் உடுத்தி, அதைப் பரப்பவும் பாடுபட்டார்.

1923இல் கணவர் காலமானார். அம்மையார் கல்கத்தாவுக்குத் திரும்பிப் பத்திரிகைப் பணி ஆற்றினார். 1930இல் பெண்களுக்கென ஒரு கல்விச் சாலையும் கண்டார். மறுமணம் செய்துகொள்ளாமலே 1945 ஆகஸ்ட் 18ஆம் தேதி இறைவனடி சேர்ந்தார்.

பெரியோர்களே, சகோதர சகோதரிகளே! இச்சரிதத்தைப் படித்தபோது ஒரு கேள்வி என் உள்ளத்தை விட்டகலவில்லை. மனைவியை இழந்த ஆடவனுக்குப் பந்தலிட்டு மறுமணம் செய்து வைக்கிறோம். கணவனை இழந்த பெண்ணையோ மங்கல காரியங்களில் ஒதுக்கி நிறுத்துகிறோம். இந்து விதவைகள் மறுமணம் செய்யலாமென்று இந்தியாவில் சட்டம் வந்தது 1856இல். சட்டம் திறந்த கதவை வழக்கம் அடைத்து வைத்திருப்பது தருமமாகுமா?

மறுமணம் வேண்டும் என்பவளுக்கு அது கிட்டவேண்டும். வேண்டாம் என்பவள் அம்மையாரைப் போலத் தலைநிமிர்ந்து தொண்டாற்ற இடம் வேண்டும். இரண்டுக்கும் முதல் தேவை கல்வி. நமது ஊர்களில் கணவனை இழந்த சகோதரி ஒருத்திக்கேனும் ஒரு தொழிலோ, ஒரு வீணையோ, ஒரு வகுப்போ நமது சங்கத்தால் கிடைக்குமானால், அதுவே அம்மையாருக்கு நாம் செய்யும் அஞ்சலியாகும்.