விசுவநாததாசின் மேடையும் விடுதலை நம்பிக்கையும்

தமிழ் இசைநாடக வரலாற்றில், அடக்குமுறைக் காலத்தில் மேடையையே விடுதலை நம்பிக்கையின் களமாக்கியவர்களுள் விசுவநாததாஸ் (1886–1940) குறிப்பிடத்தக்கவர். வத்திராயிருப்பு, திருவில்லிபுத்தூர் வட்டாரத்தை அடுத்த சிவகாசியில் மருத்துவர் குலத்தில் பிறந்த அவர், பின்னர்த் திருமங்கலத்தில் வாழ்ந்தார்.

1876ஆம் ஆண்டின் நாடகச் சட்டம், அரசின்மீது வெறுப்பைத் தூண்டும் நாடகங்களைத் தடைசெய்யும் அதிகாரத்தை ஆட்சியாளருக்கு அளித்தது. ஆயினும் ஸ்பெஷல் நாடகத்தின் அமைப்பு அச்சட்டத்திற்கு எளிதில் அடங்குவதன்று. கதை புராணம், பாடலோ நடிகர் மேடையில் இடையே சேர்ப்பது. வள்ளி திருமணத்தில் தினைப்புனத்துப் பறவைகளை ஓட்டும் காட்சியில் மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய கொக்குப் பாடல் ஒலித்தது. அந்த வெள்ளைக் கொக்கு யாரைக் குறிக்கிறது என்பதை அவையோர்க்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வந்த பறவையை ஓட்டவும் இயலும் என்பதே அக்காட்சி விதைத்த நம்பிக்கை.

அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. கதர் உடுத்தி மேடையேறிய அவர் பலமுறை கைதானார். சிறைவாசத்தால் வருவாய் குன்றிக் கடன் பெருகியது. அவரது பிறப்பைக் காரணம் காட்டி உடன் நடிக்க மறுத்த கலைஞரும் இருந்தனர். அயலாட்சியை எதிர்த்த அவர், தம் மக்களிடையே நிலவிய சாதி இழிவையும் தாங்கியே பாடினார்.

1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் அரங்கில், முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. விடுதலைக்கு இன்னும் ஆறரை ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. வெற்றி உறுதிப்படாத காலத்தில் பாடினார் என்பதைக் கருதியே அவரது கலையை மதிப்பிடுதல் தகும்.