மாயூரம் முன்சீப்பின் இரண்டு வாழ்க்கை

(முன்னாள் மாணவர், புதுவயல்)

வேதநாயகம் பிள்ளையை நம்மில் பலருக்கு ஒரு மார்க் கேள்வியாகத்தான் தெரியும். தமிழின் முதல் நாவல் எது? 'பிரதாப முதலியார் சரித்திரம்'. அத்தோடு முடிந்தது. ஆனால் அவருக்குச் சோறு போட்டது நாவல் இல்லை, கோர்ட்டு. பகலில் தீர்ப்பு எழுதிய அதே கைதான் பாட்டும் கதையும் எழுதியது. என்னைப்போல் கட்டடமும் பாய்லருமாகக் காலம் தள்ளுகிறவனுக்கு அவர் மேல் ஏன் இத்தனை பிரியம் என்று கேட்பீர்கள். நம் தொழிலுக்கும் அவருக்கும் சம்பந்தம் இருக்கிறது. சொல்கிறேன்.

திருச்சிராப்பள்ளிக்குப் பக்கத்தில் குளத்தூர். அங்கே 1826 அக்டோபர் 11 அன்று பிறந்தார். கத்தோலிக்கக் குடும்பம். தமிழும் ஆங்கிலமும் நன்றாகப் படித்தார். திருச்சி கோர்ட்டில் முதலில் ஆவணங்களைக் காக்கும் வேலை, பிறகு மொழிபெயர்ப்பாளர் வேலை. 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். அப்புறம் சீர்காழி, கடைசியில் மாயூரம். மாயூரத்தில் மட்டும் பதின்மூன்று வருஷம் இருந்ததால் ஊர்ப்பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

மொழிபெயர்ப்பாளர் நாற்காலி சாதாரணமானதல்ல. ஒரு பக்கம் ஆங்கிலம் மட்டும் தெரிந்த துரை. இன்னொரு பக்கம் தமிழ் மட்டும் தெரிந்த கட்சிக்காரன். நடுவே இவர். ஒரு வார்த்தை பிசகினால் ஒருவனுடைய நிலம் போய்விடும். அந்த நாற்காலியில்தான் அவருக்கு அந்த எண்ணம் விழுந்திருக்க வேண்டும் என்பது என் அனுமானம். மக்களை ஆளுகிற சட்டம் மக்களுக்குப் புரியாத பாஷையில் இருக்கலாமா?

1805 முதல் 1861 வரை சதர் கோர்ட்டு சொன்ன முடிவுகளைத் தமிழாக்கித் தொகுத்து, 1862இல் 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரில் வெளியிட்டார். ஐம்பத்தேழு வருஷத்துச் சரக்கு! சென்னையில் உயர்நீதிமன்றம் தொடங்கியதும் அதே 1862இல்தான். நமக்கு ஐ.எஸ். 456 எப்படியோ, முன்சீப்புக்கும் வக்கீலுக்கும் முன்தீர்ப்புகள் அப்படி. அதைத் தமிழில் போடும்படி எந்தச் சட்டமும் அவரிடம் கேட்கவில்லை.

இங்கே கொஞ்சம் சட்டம் பேச வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். 1928இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரில் ஒரு பெண்மணி இஞ்சிச் சோடா குடித்தார். வாங்கிக் கொடுத்தது சிநேகிதி. பாட்டிலுக்குள் அழுகிய நத்தை இருந்ததாக வழக்கு. அவர் கையால் காசு கொடுக்கவில்லை, கம்பெனியோடு ஒப்பந்தமும் இல்லை. பின்னே கம்பெனிக்கு என்ன பொறுப்பு? 1932இல் லண்டன் பிரபுக்கள் சபை, மூன்று பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் மறுபக்கமாகத் தீர்ப்புச் சொன்னது. என் வேலையால் யாருக்குத் தீங்கு வரும் என்று நான் முன்கூட்டி யோசித்திருக்க முடியுமோ, அவரெல்லாம் சட்டத்தின் கண்ணில் எனக்கு அண்டை வீட்டுக்காரர். அவர் விஷயத்தில் எனக்குக் கவனக் கடமை உண்டு. இதுதான் சாரம். நாம் போடுகிற ஒவ்வொரு கையெழுத்துக்கும் பின்னால் இந்தச் சங்கதி நிற்கிறது.

எங்க ஊர் புதுவயலில் அரிசி ஆலைகள் அதிகம். நெல் அவிக்க பாய்லர். அதன் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கிறவருக்கு அழுத்தமானி, பாதுகாப்பு வால்வு பற்றிய எச்சரிக்கை ஆங்கிலத்தில் இருந்தால் என்ன பிரயோஜனம்? நான் போகிற ஆலைகளில் அதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டச் சொல்லுவேன். ஒட்டாமல் கணக்குத் தீர்க்க மாட்டேன். இந்தப் பிடிவாதத்துக்குக் குரு மாயூரத்து முன்சீப்தான்.

இத்தனைக்கும் நீதிபதியை அந்தக் கடமை கட்டாது. 1850ஆம் வருஷத்து 18ஆவது சட்டப்படி, நல்லெண்ணத்தோடு தன் அதிகாரத்துக்குள் செய்த காரியத்துக்காக நீதிபதி மேல் சிவில் வழக்குப் போட முடியாது. தீர்ப்பு தப்பினால் அப்பீல் உண்டு, நஷ்டஈடு கிடையாது. பாய்லர் வெடித்தால் நாம் பதில் சொல்ல வேண்டும். தீர்ப்பு வெடித்தால் அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டுதான் கட்சிக்காரனுக்குப் புரிய வேண்டுமே என்று ராப்பகலாகத் தமிழாக்கினார். அதிகாரிகளின் லஞ்சத்தைக் கண்டித்தார். 1859இல் 'நீதிநூல்' எழுதினார்.

1872இல் பதவியை விட்டார். நாலு வருஷத்தில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணம் பட்ட பாடு சரித்திரம் அறிந்தது. முன்சீப் பதவியும் இல்லை, சம்பளமும் இல்லை. சொந்தக் கைப்பொருளைப் போட்டு மாயூரத்தில் கஞ்சி ஊற்றினார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அதைப் பார்த்து அவர் மேல் பாட்டே பாடினார். 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' வந்ததும் 1878இல்தான். இவர் கிறிஸ்தவர். ஆனால் திருவாவடுதுறை ஆதீனத்தின் சுப்பிரமணிய தேசிகரும் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் நெருங்கிய நண்பர்கள். மகாவித்வான் இவர் மேல் 'குளத்துக்கோவை' பாடியிருக்கிறார்.

1879இல் நாவல் வந்தது. அது விக்டோரியா மகாராணி காலம். அங்கே இங்கிலாந்தில் ஒரே ஆளுக்குள் இரண்டு ஆள் என்ற கற்பனை பெரிதாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் ஜெகில் - ஹைடு கதை 1886இல் வெளிவந்தது. ஸ்டீவன்சன் குடும்பம் கலங்கரை விளக்கம் கட்டிய பொறியாளர் குடும்பம். அவரும் எடின்பரோவில் முதலில் பொறியியல் படித்து, பிறகு சட்டம் படித்து வக்கீலாகத் தேறியவர். (நத்தை வழக்கின் பிரதிவாதியும் ஒரு ஸ்டீவன்சன்தான். பெயர் ஒற்றுமை மட்டுமே.) டாக்டர் ஜெகில் மருந்து குடித்து ஹைடு ஆவது எதற்கு? செய்கிற அக்கிரமத்துக்குப் பெரிய மனிதர் ஜெகில் பொறுப்பேற்காமல் இருக்கத்தான்.

ஏழு வருஷம் முன்னால் நம் முன்சீப்பும் இரட்டை வேஷம் எழுதினார். பிரதாபன் மனைவி ஞானாம்பாள் கணவனைப் பிரிந்து, ஆண் உடையில் அவனைத் தேடிப் போகிறாள். விக்கிரமபுரியில் யானை அவளுக்கு மாலை போட, ராஜாவாகிவிடுகிறாள். வேஷத்துக்குள் ஒளிந்து தப்பிக்கவில்லை. ஒரு நாட்டின் நியாயத்தையே தலையில் தூக்கிக்கொள்கிறாள். ஜெகிலுக்கு இரண்டாவது முகம் பொறுப்பைக் கழற்ற, ஞானாம்பாளுக்குப் பொறுப்பை ஏற்க. கதையில் ஆங்காங்கே உபதேசம் நீளும், மறுக்கவில்லை. நானே சில பக்கங்களைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஆனால் தமிழ் பேசுகிற ஊரில் கோர்ட்டு ஆங்கிலத்தில் நடப்பதை அவர் கேலி செய்கிற இடம் வரும்போது சட்டென்று நிமிர்ந்து உட்கார்வீர்கள். சித்தாந்த சங்கிரகம் போட்ட அதே ஆள்தான் அங்கே பேசுகிறார். கோர்ட்டிலும் கதையிலும் அவருக்கு இரண்டு முகம் இல்லை.

அந்தக் கேலிக்கு வயது நூற்று நாற்பதைத் தாண்டிவிட்டது. உயர்நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006இல் நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. இன்னும் அங்கே ஆங்கிலம்தான்.

1887இல் 'சுகுண சுந்தரி' என்ற இரண்டாவது நாவலையும் எழுதி முடித்துவிட்டு, 1889 ஜூலை 21 அன்று கண்மூடினார். வயது அறுபத்திரண்டு. பிரதாப முதலியார் சரித்திரம் இன்றும் அச்சில் கிடைக்கிறது. இப்போது படிக்கிற தம்பி தங்கைகள் செமஸ்டர் லீவில் எடுத்துப் பாருங்கள். ஞானாம்பாள் ராஜாவாகிற பகுதியிலிருந்து ஆரம்பித்தாலும் தப்பில்லை.