தெருவில் நடந்தவர்களைக் கவனித்தே ஒரு நோயைக் கண்டுபிடித்த டாக்டர்: யார் இந்த ஜேம்ஸ் பார்க்கின்சன்?

ஜேம்ஸ் பார்க்கின்சன் என்று கூகுளில் தேடினால், அடர்த்தியான தாடி வைத்த ஒருவரின் கறுப்பு வெள்ளை போட்டோ வரும். மருத்துவக் கட்டுரைகளில், கருத்தரங்க ஸ்லைடுகளில், ஏன் சில புத்தகங்களில்கூட அந்தப் படம்தான் இருக்கிறது. ஆனால் அது அவர் இல்லை. அதே பெயர் கொண்ட வேறு ஒருவர். நிஜ பார்க்கின்சன் இறந்தது 1824-ல். கேமரா என்ற ஒன்று புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே அவர் போய்விட்டார். அவரை வரைந்த ஓவியமும் கிடைக்கவில்லை.

உலகம் முழுக்க 85 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2019-க்கு மதிப்பிட்ட ஒரு நோய்க்கு அவர் பெயர் இருக்கிறது. அவர் முகம் மட்டும் யாருக்கும் தெரியாது. இகுவானோடான் என்ற டைனோசரைக் கண்டறிந்த கிடியன் மான்டெல் இளைஞராக இருந்தபோது இவரைச் சந்தித்திருக்கிறார். சராசரியைவிடக் கொஞ்சம் உயரம் குறைவு, சுறுசுறுப்பு, புத்திக்கூர்மை தெரியும் முகம், இனிமையான பேச்சு என்று பிற்பாடு அவர் எழுதி வைத்ததுதான் நமக்கு மிச்சம்.

அரசரைக் கொல்ல சதியா?

பார்க்கின்சன் 1755 ஏப்ரல் 11-ல் லண்டனின் வடக்கு ஓரத்தில் இருந்த ஹாக்ஸ்டனில் பிறந்தார். (ஏப்ரல் 11-ஐ உலக பார்க்கின்சன் தினமாக அனுசரிப்பது இதனால்தான்.) அப்பா ஜான், மருந்து கலந்து கொடுத்து, வைத்தியமும் பார்த்து, தேவைப்பட்டால் கத்தியும் பிடிக்கும் அந்தக் கால ஏரியா டாக்டர். மகன் அவரிடமே தொழில் கற்றார். பிறகு லண்டன் ஹாஸ்பிடலில் கொஞ்ச காலம் படித்தார். 1784-ல் அறுவை சிகிச்சை செய்ய முறையான தகுதி பெற்றார். ஹாக்ஸ்டனிலேயே பிறந்து, அங்கேயே வைத்தியம் பார்த்து வாழ்நாளைக் கழித்தவர். அவர் கண்ணெதிரிலேயே அந்தக் கிராமம், நெரிசலும் வறுமையும் நிறைந்த நகரப் பகுதியாக மாறியது.

அந்த வறுமையைப் பார்த்துக்கொண்டு அவர் சும்மா இருக்கவில்லை. 1790-களில் 'ஓல்ட் ஹூபர்ட்' என்ற புனைபெயரில் அரசைக் கிழிகிழியென்று கிழிக்கும் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார். சாதாரண மக்களுக்கு ஓட்டுரிமை கேட்ட லண்டன் கரெஸ்பாண்டிங் சொசைட்டியில் உறுப்பினராகவும் இருந்தார். பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்த நேரம் அது. இங்கிலாந்து அரசு இப்படிப்பட்ட அமைப்புகளைக் கண்டாலே நடுங்கியது.

1794-ல் அந்த அமைப்பைச் சேர்ந்த சிலர் கைதானார்கள். மூன்றாம் ஜார்ஜ் மன்னரை, நாடகக் கொட்டகையில் வைத்து, காற்றுத் துப்பாக்கியில் விஷ அம்பு எய்து கொல்லத் திட்டமிட்டார்களாம். சினிமாவில் வைத்தால்கூட லாஜிக் இடிக்கும் கதை. கேலியாக இதற்கு 'பாப்கன் சதி' என்றே பெயர் வந்துவிட்டது. கைதான நண்பர்களுக்காக சாட்சி சொல்ல பார்க்கின்சன் பிரிவி கவுன்சில் முன் போய் நின்றார். கேள்வி கேட்டவர்களில் பிரதமர் வில்லியம் பிட்டும் ஒருவர். ஓல்ட் ஹூபர்ட் நான்தான் என்று அங்கேயே ஒப்புக்கொண்டார். அன்றைய சூழலில் அந்த ஒரு வார்த்தைக்கே சிறைக்குப் போயிருக்கலாம். நல்லவேளை, வழக்கு நிற்கவில்லை.

அதன் பிறகு அரசியல் எழுத்து குறைந்தது. குடும்பங்களுக்கான மருத்துவக் கையேடு எழுதினார். தன்னையும் படுத்திய கௌட் நோய் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1812-ல் மகனோடு சேர்ந்து, குடல்வால் ஓட்டையாகி ஒரு சிறுவன் இறந்ததைப் பதிவு செய்தார். ஆங்கில மருத்துவத்தில் இது ஆரம்பகாலப் பதிவுகளில் ஒன்று. ஆனால் அவர் உயிரைக் கொடுத்துச் செய்தது புதைபடிவ ஆராய்ச்சியைத்தான். 1804 முதல் 1811 வரை அதைப் பற்றி மூன்று பெரிய தொகுதிகள் வெளியிட்டார். 1807-ல் லண்டன் புவியியல் சங்கத்தைத் தொடங்கிய 13 பேரில் இவரும் ஒருவர். பார்க்கின்சோனியா என்று ஒரு அம்மோனைட் வகைக்கே இவர் பெயர் இருக்கிறது. கல்லில் பதிந்த சின்னத் தடயத்தை வைத்து மொத்த உயிரினத்தையும் ஊகிக்கிற பழக்கம், அடுத்து அவர் செய்த வேலையில் அப்படியே தெரிகிறது.

6 பேர், 66 பக்கம்

1817-ல், 62 வயதில், 66 பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். தலைப்பைத் தமிழில் சொன்னால் 'நடுக்க வாதம் பற்றிய கட்டுரை'. அதில் மொத்தமே 6 நோயாளிகள். அவர்களில் இருவர் தெருவில் தற்செயலாகக் கண்ணில் பட்டவர்கள். இன்னொருவரைத் தூரத்தில் இருந்து பார்த்ததோடு சரி. ஸ்கேன் இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை, பிரேதப் பரிசோதனைகூட இல்லை. கண்ணால் பார்த்தார், நிறுத்தி விசாரித்தார். அவ்வளவுதான்.

முதல் ஆள் ஐம்பது தாண்டிய தோட்டக்காரர். குடிப்பழக்கம் இல்லாத, ஒழுங்கான மனிதர். இடது கையில் லேசான நடுக்கம். சில நாளாக அந்தக் கைக்கு வேலை அதிகம், அதனால்தான் என்று அவரே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். பார்க்கின்சன் நோயின் தொடக்கம் இன்றும் பெரும்பாலும் இப்படித்தான். ஒரு பக்கத்தில், ஒரு கையில் ஆரம்பிக்கும். அந்தக் கை நடுக்கத்தை வேலை செய்த அலுப்பு என்றும், தோள் இறுக்கத்தை ஃப்ரோஸன் ஷோல்டர் என்றும் நினைத்து மாதக்கணக்கில் எலும்பு டாக்டரிடம் அலைபவர்கள் உண்டு.

இரண்டாவது ஆளுக்கு 62 வயது. தெருவில் பார்த்தார். கை கால் எல்லாம் ஆடுகிறது, பேச்சு தடுமாறுகிறது, உடம்பு முன்னால் வளைந்திருக்கிறது. பாதத்தின் முன்பகுதியை மட்டும் ஊன்றி நடக்கிறார். கைத்தடி இல்லாவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் விழுந்திருப்பார். எட்டுப் பத்து வருஷமாக இப்படியாம். எல்லாம் தன் குடியால் வந்தது, இனி சரியாகாது என்று முடிவுகட்டி, சிகிச்சையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மூன்றாவது ஆள், 65 வயது முன்னாள் மாலுமி. வாட்டசாட்டமான உடம்பு. ஸ்பெயின் சிறையில் மாதக்கணக்கில் ஈரத் தரையில் படுத்துக் கிடந்ததுதான் காரணம் என்றார். அவரால் நடக்க முடியவில்லை, ஓடத்தான் முடிந்தது. ஐந்தாறு அடிக்கு ஒருமுறை கைத்தடியைத் தரையில் ஓங்கி ஊன்றி, முன்னால் சாயும் உடம்பை நிமிர்த்திக்கொண்டார்.

தூரத்தில் இருந்து பார்த்தவரின் காட்சி இன்னும் விநோதம். உதவியாளர் எதிரில் நின்று அவர் தோள்களைப் பிடித்துக்கொள்கிறார். அந்த மனிதர் முன்னும் பின்னும் லேசாக ஆடுகிறார். பிறகு சைகை கொடுத்துவிட்டு ஓடத் தொடங்குகிறார். உதவியாளர் விலகி, அவருக்கு முன்னால் ஓடிப் போய், சுமார் இருபது அடியில் விழாமல் பிடித்துக்கொள்கிறார். நடையைத் தொடங்க முடியாமல் கால் தரையில் ஒட்டிக்கொள்வது, தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாமல் சிறு சிறு அடிகளாக வேகமெடுப்பது, இரண்டையும் இன்று நரம்பியல் டாக்டர்கள் இந்த நோயின் அடையாளங்களாகத் தேடுகிறார்கள்.

மூவரும் சொன்ன காரணம் வேறு வேறு: அதிக வேலை, குடி, சிறை. வேறு டாக்டராக இருந்தால் மூன்று தனித்தனி கேஸ்களாக எழுதிவிட்டுப் போயிருப்பார். பார்க்கின்சன் அவர்கள் சொன்ன கதைகளை ஓரமாக வைத்துவிட்டு, உடம்பு அசையும் விதத்தை மட்டும் பார்த்தார். வேலை செய்யும்போது கை நடுங்குவது வேறு, சும்மா மடியில் வைத்திருக்கும்போது நடுங்குவது வேறு என்பதைப் பிடித்தார். இந்த நோயில் கை ஓய்வாக இருக்கும்போதுதான் நடுக்கம் பளிச்செனத் தெரியும். டம்ளரை எடுக்கக் கை நீட்டினால் குறையும். இந்த ஒரு வித்தியாசம்தான் இன்றைக்கும் டாக்டர்கள் முதலில் பார்ப்பது.

எழுதும்போது கை ஒத்துழைக்காதது, தூக்கம் கெடுவது, மலச்சிக்கல், எச்சில் வடிவது எல்லாவற்றையும் அவர் குறித்திருக்கிறார். ஆறாவது ஆளான 72 வயதுக்காரருக்கு நடுவில் வலது பக்கம் பக்கவாதம் வந்தது. செயலிழந்த கை காலில் நடுக்கம் நின்றுபோனது. பலம் திரும்பியபோது நடுக்கமும் கூடவே திரும்பியது. அதையும் விடாமல் எழுதிவைத்தார்.

அவர் விட்டது என்ன?

எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டார் என்று கிடையாது. நோய் கழுத்துப் பகுதி தண்டுவடத்தில் இருக்கலாம் என்று ஊகித்தார். தப்பு. பின்கழுத்தில் ரத்தம் எடுக்கச் சொன்னார். படிக்கவே பயமாக இருக்கும் வைத்தியம். புத்தி பாதிக்காது என்றார். பல வருடங்கள் போன பிறகு சிலருக்கு ஞாபகமும் சிந்தனையும் பாதிக்கும் என்று இப்போது தெரியும். முக்கியமாக, தசை இறுக்கத்தைத் தவறவிட்டார். தூரத்தில் நின்று பார்த்தால் அது தெரியாது, தொட்டுப் பார்க்க வேண்டும். முழங்கையை மடக்கி நீட்டும்போது பல்சக்கரம் போல விட்டுவிட்டு நகர்கிறதா என்று டாக்டர் சோதிப்பது அதற்குத்தான்.

புத்தகத்தைச் சிலர் பாராட்டினார்கள், பிறகு மறந்துபோனார்கள். 1823-ல் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. அதுவும் புதைபடிவ ஆராய்ச்சிக்காகத்தான். 1824 டிசம்பரில் பக்கவாதம் தாக்கி, வலது பக்கம் செயலிழந்து, பேச்சும் போய், டிசம்பர் 21-ல் இறந்தார். ஷோர்டிச்சின் செயின்ட் லெனார்ட்ஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

சுமார் அரை நூற்றாண்டு கழித்து, பாரிஸின் சல்பெட்ரியர் மருத்துவமனையில் ஜான் மார்ட்டின் ஷார்கோ இந்த நோயாளிகளை வரிசையாக ஆராய்ந்தார். எல்லோருக்கும் நடுக்கம் இருப்பதில்லை, அசைவில் வரும் மந்தமும் இறுக்கமும்தான் முக்கியம் என்று கண்டார். எனவே 'நடுக்க வாதம்' என்ற பெயர் சரியில்லை, பார்க்கின்சன் பெயரையே வைக்கலாம் என்றார். லண்டன்காரர் மறந்துபோன டாக்டருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு பிரெஞ்சுக்காரர்!

ஷார்கோ சொன்னது இன்று நோயறிதலில் விதியாகவே இருக்கிறது. அசைவு மந்தமாகியிருந்தால்தான் பார்க்கின்சன் என்று சந்தேகிப்பார்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தொடர்ந்து தட்டச் சொல்வார்கள். போகப்போக அசைவு சிறுத்துக்கொண்டே வரும். ஒரு வரி எழுதச் சொல்வார்கள். எழுத்து வரியின் முடிவில் எறும்பு மாதிரி ஆகிவிடும். கையெழுத்து பொருந்தவில்லை என்று பேங்கில் செக் திரும்பி வருவதில் ஆரம்பித்து நரம்பியல் டாக்டரிடம் வந்து சேர்வதும் நடக்கும். நடக்கச் சொல்லி, ஒரு கை மட்டும் வீசாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எம்ஆர்ஐ பெரும்பாலும் நார்மலாகவே வரும். மற்ற காரணங்களைக் கழிக்கத்தான் அது. இப்போது டோபமைன் தொடர்பான சிறப்பு ஸ்கேன்கள் வந்துவிட்டன என்றாலும், முடிவு பெரும்பாலும் டாக்டரின் கண்ணையும் கையையும் நம்பித்தான் இருக்கிறது.

இதில் குழப்பமும் வரும். பொருளை எடுக்கும்போதும் எழுதும்போதும் இரண்டு கையும் நடுங்கி, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அதே மாதிரி இருந்திருந்தால், அது எசென்ஷியல் ட்ரெமர் என்ற வேறு பிரச்சினையாக இருக்கலாம். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் கை நடுங்கும். தலைசுற்றலுக்கும் மைக்ரேனுக்கும் கொடுக்கும் சின்னாரிசைன், ஃப்ளூனாரிசைன், வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு, சில மனநல மாத்திரைகள் ஆகியவை அச்சு அசலாக பார்க்கின்சன் அறிகுறிகளைக் கொண்டுவரும். டாக்டர் மருந்தை மாற்றினால் பலருக்கு வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகும். அதனால் டாக்டரிடம் போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டையையும் எடுத்துப் போவது நல்லது. நடுக்கம் வருவதற்குப் பல வருடம் முன்பே வாசனை தெரியாமல் போவது, கனவில் கத்திக் கை காலை உதறுவது, தீராத மலச்சிக்கல் வரலாம். இவை தனியாக இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. சேர்ந்து வந்தால், கூடவே அசைவும் மந்தமானால், சொல்ல வேண்டும்.

மூளையில் எங்கே கோளாறு என்ற பதில் 20-ம் நூற்றாண்டில்தான் வந்தது. நடுமூளையின் கறுப்பான ஒரு பகுதியில் செல்கள் அழிவது 1919-ல் தெரிந்தது. அங்கிருந்து வர வேண்டிய டோபமைன் குறைந்துபோவதை 1960-ல் வியன்னாவில் அளந்தார்கள். அறிகுறி வெளியே தெரியும்போது அந்தச் செல்களில் பெரும்பங்கு ஏற்கெனவே போயிருக்கும். அந்தக் குறையை ஈடுகட்டும் லெவோடோபா 1960-களின் இறுதியில் மாத்திரையாகப் பயன்பாட்டுக்கு வந்தது. இன்றும் முதன்மையான மருந்து அதுதான்.

இதில் ஒரு சென்னை கனெக்‌ஷனும் உண்டு. நம்மூர் பூனைக்காலி விதையில் இந்த லெவோடோபா இருக்கிறது. 1937-லேயே சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அந்த விதையில் இருந்து அதைப் பிரித்தெடுத்துக் கட்டுரை வெளியிட்டார்கள். அப்போது பார்க்கின்சன் நோய்க்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பது யாருக்கும் தெரியாது. இப்போது ஆன்லைனில் பூனைக்காலி பவுடர் சுலபமாகக் கிடைக்கிறது. ஒரு ஸ்பூனில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பது பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறும் என்பதால், ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் அதைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது.