காற்றைக் கணக்குப் போட்டவர்



திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் போகும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால், ஆளுயர மக்காச்சோளக் காடுகளைப் பார்க்கலாம். நான் ஆசிரியராக இருந்தபோது, ஒரு மாணவன் தன் வீட்டுக் காட்டிலிருந்து ஒரு கதிரை வகுப்புக்குக் கொண்டு வந்தான். பொக்கை வாய் போல, அதில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் மணிகள் இருந்தன. பூச்சி தின்றுவிட்டதா என்று கேட்டான். இல்லை, அது வெயில் செய்த வேலை.

மக்காச்சோளச் செடியின் உச்சியில் ஆண் பூ இருக்கும். நடுத்தண்டில் வரும் கதிரின் நுனியில் பட்டு நூல் போல இழைகள் தொங்கும். ஒவ்வோர் இழையும் ஒரு மணிக்குச் சொந்தம். மேலேயிருந்து விழும் மகரந்தம் இழையில் ஒட்டினால்தான் அந்த மணி உருவாகும். தைப்பட்டத்தில் விதைத்த பயிர் பங்குனியில் பூக்கும்போது, வெயில் 35 டிகிரிக்கு மேல் ஏறி, நிலத்திலும் ஈரம் இல்லாவிட்டால், மகரந்தம் வலுவிழக்கும்; இழைகள் காயும். அந்தச் சில நாட்கள் தவறினால் பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் அந்த மணி வராது.

மீல் மேக்கர் சாப்பிட்டிருப்பீர்கள் அல்லவா? அது சோயாவிலிருந்து வருவது. மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிராவிலும் பெரும்பாலும் மழையை நம்பித்தான் சோயா விதைக்கிறார்கள். சோயா பல வாரம் பூக்கும். சில பூக்கள் வாடி உதிர்ந்தாலும், பின்னால் மழை வந்தால் புதிய பூக்கள் கைகொடுக்கும். ஆனால் காயில் பருப்பு முற்றும் சமயத்தில் ஈரம் இல்லாவிட்டால் அதுவும் சுருங்கிவிடும்.

அப்படியானால் மழை எப்போது வரும், எப்போது ஏமாற்றும் என்று முன்பே தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இதற்காகவே 20 ஆண்டுகள் நம் நாட்டில் உழைத்த ஒருவரின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். அவர் பெயர் கில்பர்ட் வாக்கர்.

1868-ம் ஆண்டு ஜூன் 14-ம் தேதி இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் அவர் பிறந்தார். சிறுவயதில் பம்பரம் என்றால் அவருக்கு உயிர். சுற்றும் பம்பரம் ஏன் விழாமல் நிற்கிறது என்ற கேள்வி அவரைக் கணிதத்துக்கு இழுத்துச் சென்றது. கேம்பிரிட்ஜில் 1889-ல் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றார். அங்கே அவருக்கு இன்னொரு விளையாட்டும் பிடித்துப் போனது. நம் ஊர் வளரியைப் போல வளைந்த கட்டை ஒன்று உண்டு. எறிந்தவரிடமே அது திரும்பி வரும். பூமராங் என்பார்கள். அதை எறிந்து எறிந்து, அது ஏன் திரும்புகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். நண்பர்கள் அவரைப் பூமராங் வாக்கர் என்றே அழைத்தார்கள். புல்லாங்குழலையும் அவர் விடவில்லை. அதன் ஒலியை ஆராய்ந்தார்.

அந்தச் சமயத்தில் இந்தியாவில் என்ன நடந்தது தெரியுமா? 1899-ல் மழை நன்றாகப் பெய்யும் என்று வானிலைத் துறை சொல்லியிருந்தது. மழை பொய்த்தது. கொடும் பஞ்சம் வந்து ஏராளமான மக்கள் மாண்டார்கள். தவறான கணிப்பு எவ்வளவு ஆபத்து என்று எல்லோருக்கும் புரிந்தது. 1904-ல் அந்தத் துறையின் தலைமைப் பொறுப்பு வாக்கரிடம் வந்தது. அவரோ வானிலை படித்தவர் அல்லர். கணக்கு மட்டுமே தெரிந்தவர்!

சிம்லாவில் இருந்த அலுவலகத்தில், இந்திய எழுத்தர்களை உட்கார வைத்து எண்களைச் சேர்க்கத் தொடங்கினார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். எல்லாம் கையால் போட்ட கணக்கு. இமயமலையில் எவ்வளவு பனி, நைல் நதியில் எவ்வளவு வெள்ளம், தென் அமெரிக்காவில் காற்றழுத்தம் என்ன என்று பல ஆண்டு எண்களை வரிசையாக எழுதினார்கள். அருகில் இந்திய மழையின் எண்கள். ஒன்று ஏறும்போது மற்றொன்றும் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று ஒப்பிட்டார்கள். நம் மாவட்டத்தின் கொடைக்கானலில் 1899-ல் தொடங்கிய சூரிய ஆய்வுக்கூடமும் அவருடைய துறையின் கீழ்தான் இருந்தது. சூரியனில் தெரியும் புள்ளிகளுக்கும் மழைக்கும் உறவு உண்டா என்றும் அவர் பார்த்தார்.

இதில் ஒரு பொறியும் உண்டு. நூறு பேர் ஆளுக்கு ஐந்து முறை காசு சுண்டினால், யாராவது ஒருவருக்கு ஐந்து முறையும் தலை விழலாம். அவரிடம் மந்திரம் இருக்கிறது என்று சொல்ல முடியுமா? அதுபோல, நூற்றுக்கணக்கான எண் வரிசைகளை ஒப்பிட்டால், சில தற்செயலாகவே பொருந்தும். அவற்றை நம்பிவிடக் கூடாது என்று வாக்கர் முதலில் தன்னையே எச்சரித்துக் கொண்டார்.

1913-ல் அவர் சென்னைக்கு வந்தார். துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் ஓர் எழுத்தர் இருந்தார். அவருடைய கணித நோட்டுகளை வாக்கருக்குக் காட்டினார்கள். பார்த்ததும் அசந்து போன வாக்கர், இவரை எழுத்தர் வேலையிலிருந்து விடுவித்து ஆராய்ச்சி செய்ய விட வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. அந்த எழுத்தர் யார் என்று கண்டுபிடித்து விட்டீர்களா? ஆம், நம் கணித மேதை இராமானுஜன்தான்!

வாக்கரின் எண்கள் மெல்ல மெல்ல ஒரு ரகசியத்தைச் சொல்லின. பூங்காவில் சீசா பலகை பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கும். பசிபிக் பெருங்கடலுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் நடுவே காற்றழுத்தம் அப்படித்தான் ஆடுகிறது என்று அவர் கண்டார். இதற்குத் தென் அலைவு என்று பெயர் வைத்தார்.

1924-ல் ஓய்வு பெற்று லண்டனில் பேராசிரியரானார். அதே ஆண்டு சர் பட்டமும் கிடைத்தது. ஆனால் அவர் மனதில் ஒரு குறை இருந்திருக்கும். எந்த வேலைக்காக வந்தாரோ, அந்தப் பருவமழையை நிச்சயமாக முன்கூட்டிச் சொல்ல அவரால் முடியவில்லை. அந்தச் சீசா ஏன் ஆடுகிறது என்றும் விளக்க முடியவில்லை. கடலின் வெப்பத்தை அளந்த எண்கள் அன்று போதுமான அளவு இல்லை. வெறும் எண்களின் விளையாட்டு இது என்று பல அறிஞர்கள் சந்தேகப்பட்டார்கள். 1958-ல், 90 வயதில் அவர் மறைந்தார்.

பதினோரு ஆண்டுகள் கழித்து, 1969-ல், ஜேக்கப் பியர்க்னெஸ் என்ற விஞ்ஞானி புதிரை அவிழ்த்தார். பசிபிக் கடலின் கிழக்குப் பகுதி சில ஆண்டுகளில் வழக்கத்தைவிடச் சூடாகும். அதற்கு எல் நினோ என்று பெயர். அந்தச் சூடும் வாக்கரின் சீசாவும் ஒன்றோடொன்று கைகோத்தவை என்று அவர் காட்டினார். பசிபிக் மேல் சுழலும் காற்றோட்டத்துக்கு வாக்கர் சுழற்சி என்றே பெயர் வைத்தார்.

2015-ல் பலமான எல் நினோ வந்தது. நாட்டின் தென்மேற்குப் பருவமழை 14 சதவீதம் குறைந்தது. மகாராஷ்டிராவின் மராத்வாடாவில் வறட்சி, சோயா வாடியது. அதே ஆண்டு ஐப்பசி, கார்த்திகையில் தமிழ்நாட்டில் கனமழை கொட்டியது! எல் நினோ ஆண்டுகளில் நம் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். 2016-ல் எல் நினோ அடங்கியது. நம் மாநிலத்தில் அந்தப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. புரட்டாசிப் பட்டத்தில் மானாவாரியாக விதைப்பவருக்கு அந்த மழைதானே உயிர்?

ஆனாலும் எப்போதும் அப்படியே நடக்கும் என்று நினைக்காதீர்கள். 1997-ல் மிகப் பலமான எல் நினோ வந்தும் நாட்டில் தென்மேற்குப் பருவமழை குறையவில்லை. எல் நினோ ஒரு காரணம்தான். அதுவே எல்லாம் அல்ல. வாக்கர் இன்று இருந்தால் இந்த ஆண்டையும் மறக்காமல் தன் வரிசையில் எழுதியிருப்பார்.

நீங்களும் ஒரு வரிசை தொடங்கலாமே! அடியும் வாயும் ஒரே அகலமாக உள்ள டப்பா ஒன்றைத் திறந்த வெளியில் வையுங்கள். தினமும் காலையில் அதில் தேங்கிய மழைநீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். மழை இல்லாத நாளில் பூஜ்யம் போடுங்கள். பக்கத்துக் காட்டில் மக்காச்சோளம் எந்தத் தேதியில் பூத்தது என்பதையும் குறித்து வையுங்கள். அறுவடையின்போது ஒரு கதிரை உரித்துப் பாருங்கள். மணிகள் நிறைந்திருந்தாலும் பொக்கையாக இருந்தாலும், அதன் காரணத்தைத் தேட உங்கள் நோட்டு உதவும்.